நினைவு யாருக்குச் சொந்தம்?

சென்னை கோட்டூர்புரத்திலே, காந்தி மண்டபம் சாலையிலே, ஒன்பது தளங்களோடு ஓங்கி நிற்கிறது அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15இல் திறக்கப்பட்ட அம்மாளிகை, 12 இலட்சம் நூல்களைத் தாங்கும் வண்ணம் அமைக்கப்பட்டது. அதே சாலையிலே இருக்கிறது தமிழ் இணையக் கல்விக்கழகம். அதன் மின்னூலகத்திலே அச்சு நூல்களும் ஓலைச்சுவடிகளும் கணினி வழியே காட்சி தருகின்றன. ஒன்று, மாடி மாடியாய் உயர்ந்த நினைவு. மற்றொன்று, மின்துடிப்பாய் ஒடுங்கிய நினைவு. இந்த ஒடுக்கம் எவ்வாறு நேர்ந்தது? எளியோருக்கு அதனால் விளைந்த பயன் என்ன? வரலாறு விடை தருகிறது.

மனிதன் தன் நினைவைக் கல்லிலே வெட்டினான், செப்பிலே பொறித்தான், பனையோலையிலே கீறினான். ஆனால், கல் நகராது, செம்பு மலியாது, ஓலையோ நிலையாது! கறையானுக்கு இரையாகுமுன் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்க எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவோ அந்நாளில் ஒரு சிலரின் உடைமை. அச்சிலர் போற்றியவை பெரும்பாலும் பிழைத்தன, புறக்கணித்தவை மடிந்தன. நினைவைக் காத்தவரே நினைவுக்கு எசமானரும் ஆயினர்! அச்சுப்பொறி வந்து அந்தப் பூட்டைத் தளர்த்தியது. அதற்குப் பின் வந்தது கணிப்பொறி.

1946இல் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாவிலே உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’, ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களால் ஆகிய அரக்கன். நொடிக்கு 5,000 கூட்டல்களை முடித்தது. மாந்தர் வியந்தனர். ஆயின், அதன் உள்ளே நிறுத்தி வைக்கக்கூடிய எண்கள் எத்தனை? பத்திலக்க எண்கள் இருபது மட்டுமே! வேலையை மாற்ற வேண்டுமானால் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும். விரைவு இருந்தது, நினைவு இல்லை. கால் உண்டு, கருத்து இல்லை என்ற நிலை!

இந்திய மண்ணிலே 1955இல் கல்கத்தா புள்ளியியல் கழகத்துக்கு முதற் கணிப்பொறி வந்தது. பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் தாமே உருவாக்கிய ‘டிஃப்ராக்’ 1960இல் முழுமையாக இயங்கலாயிற்று. அதன் காந்த நினைவகத்திலே 40 பிட் கொண்ட 2,048 சொற்கள் அடங்கின. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டில் ஒன்றைச் சொல்வது ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்டு. கணக்கிட்டால், டிஃப்ராக்கின் நினைவு 10,240 பைட்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு எடுத்துக்கொள்வது இன்று பரவலாக வழங்கும் முறை. ஒரு பக்கத்துக்கு 1,000 குறி என்று கொண்டால், அப்பெரும் பொறி தாங்கியிருக்கக்கூடியது மூன்றே பக்கங்கள்!

பிறகு நிகழ்ந்தது சுருக்கத்தின் புரட்சி. 1947இல் பிறந்த டிரான்சிஸ்டர், வெற்றிடக் குழலின் ஆட்சியை வீழ்த்தியது. 1971இல் இன்டெல் நிறுவனத்தார் 2,300 டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கினர். இன்றைய செயலி நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே ஒளிகூட 10 சென்டிமீட்டர்தான் செல்லும்; விரைய வேண்டுமாயின் உறுப்புகள் நெருங்கியாக வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கோட்டூர்புரத்துக்கு அண்மையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1973இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரும் பொறி செருமானிய உதவியால் வந்தது. அயலார் தந்ததைப் பெற்ற அதே கழகம், 2018இல் ‘சக்தி’ என்னும் செயலியைத் தானே வடித்துக் காட்டியது. வாங்கியோர் வடிப்போர் ஆயினர்!

நினைவகமும் அவ்வாறே வளர்ந்தது. 1956இல் ஐ.பி.எம். விற்ற ‘ராமாக்’, 50 தட்டுகளிலே சுமார் 37 இலட்சம் பைட்டு அளவே தாங்கிற்று. நம் கணக்கில் 200 பக்கத் தமிழ் நூலுக்கு 6 இலட்சம் பைட்டு. ஆக, ஆறு நூல். இன்று கட்டைவிரல் அளவுள்ள 64 ஜிகாபைட்டுக் கருவியிலே ஒரு இலட்சம் நூல்கள் அடங்கும். நூலகத்தின் 12 இலட்சமும் இத்தகைய எழுத்துகளாயின், ஒரு டெராபைட்டு வட்டு ஒன்றே போதும். பையிலே எடுத்துச் செல்லலாம்!

“ஐயா, அப்படியாயின் எல்லாம் சேமித்தாயிற்றா?” என்று மாணவர் கேட்பதுண்டு. இல்லை என்பதே விடை. இடம் உண்டு, எழுத்துத்தான் குறைவு. பக்கத்தைப் படமாக மட்டும் பிடித்து வைத்தால் கண் படிக்கும், பொறி படிக்காது. ஒரு சொல்லைத் தேடித் தா என்றால் விழிக்கும்.

வேறொரு தடையும் இருந்தது. 1990களிலே ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தமக்கென ஒரு தமிழ்க் குறியீட்டை வகுத்தனர். ஒருவர் எழுதியது மற்றவர் திரையிலே அலங்கோலமாயிற்று. ஓலைக்குக் கறையான், கணினிக்குக் குறியீட்டுக் குழப்பம்! 1991 முதல் தமிழுக்கும் இடமளித்த யூனிகோடு, உலகுக்கெல்லாம் பொதுவான ஒரு முறை. 2010இல் தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. ஆயினும் பழைய குறியீட்டில் எழுதி, மாற்றப்படாமல் கிடப்பவை பூட்டிய பெட்டிகளே. வட்டும் அழியும் பொருள்தான்; ஓலையைப் போலவே அதையும் காலந்தோறும் படியெடுத்தாக வேண்டும்.

வழி என்ன? 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் வழி காட்டியது. பல நாடுகளிலே வாழும் தமிழ் ஆர்வலர், ஊதியம் கருதாது இலக்கியங்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதி, எவரும் இலவசமாகப் பெறுமாறு வைத்தனர். எழுத்தாக ஏற்றுவது, பொதுக் குறியீட்டில் வைப்பது, பலவிடங்களில் படி வைப்பது ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஊர்ப் பள்ளியாலும் இயலும். ஊர் வரலாறும், உழவர் பாட்டும், பழைய இதழும் அங்கே காத்துக் கிடக்கின்றன.

செயலிக்குச் சாதி தெரியாது. வட்டுக்குக் குலம் தெரியாது. கேட்டவர் எவராயினும் ஒரே விரைவில் விடை தரும். ஆனால் நாம் கொடாததை அது தராது. முன்னாளில் ஏடு எட்டவில்லை; குற்றம் பூட்டியவருடையது. இந்நாளில் ஏடு ஏறவில்லையெனில், குற்றம் யாருடையது?