ஊவாவின் கரும்பும் மோட்டார் இயந்திரமும்



வெல்லவாயாவிலிருந்து அப்புத்தளையை நோக்கி மலையேறும் பாதையில் செல்வோர் முதலில் தியலும நீர்வீழ்ச்சியையும், பின்னர் கொஸ்லந்தையையும் காண்பர். கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின் பெயரை, 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மண்சரிவு அங்கிருந்த லயன்களை மூடியபோது, நாடு முழுவதும் துயரத்தோடு கேட்டது. அதே பாதையில் கீழே இறங்கிப் புத்தலப் பக்கம் சென்றால் தேயிலை மறைந்து கரும்பு தோன்றும். பெல்வத்தை, செவனகலை ஆகிய சீனித் தொழிற்சாலைகள் இரண்டும் 1980களில் ஊவா மாகாணத்தில் எழுந்தவை. சீனி எடுத்தபின் எஞ்சும் பாகைப் புளிக்க வைத்து வடித்தால் எதனோல் என்னும் மதுசாரம் கிடைக்கும். அது பெரும்பாலும் மதுபானத்துக்கே போய்ச் சேருகிறது. தோட்டத் தொழிலாளரின் கூலியில் சாராயத் தவறணை எவ்வளவைப் பிடுங்கிக்கொண்டது என்பதை மலையகத்தார்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. அதே மதுசாரம் மோட்டார் வண்டியையும் ஓட்டவல்லது என்ற பழைய செய்தியையே இன்று கூற வந்தேன்.

1908 இல் ஹென்றி ஃபோர்ட் வெளியிட்ட 'மொடல் ரி' வண்டியில், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தபடியே மாற்றலாம். தீப்பொறி எழும் தருணத்தையும் ஒரு நெம்பினால் முன்பின்னாக்கலாம். ஆதலின் அது பெற்றோலிலும் ஓடிற்று, மதுசாரத்திலும் ஓடிற்று. இவ்விரு திருத்தங்களும் ஏன் வேண்டும்? ஒரு பங்கு பெற்றோல் முற்றாக எரிய, நிறையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எதனோலுக்கோ 9 பங்கே போதும். எனவே பெற்றோலுக்கு அமைந்த காபுரேற்றரில் மதுசாரத்தை ஊற்றினால், கலவை மெலிந்து இயந்திரம் திணறும். எரிபொருள் வரும் துளையைப் பெரிதாக்கல் வேண்டும். மறுபுறம், எதனோல் 'நொக்கிங்' என்னும் தட்டலை எளிதில் உண்டாக்காது; ஆகவே தீப்பொறியைச் சற்று முன்னதாக எழுப்பலாம், அழுத்தத்தையும் கூட்டலாம். ஆயினும் ஒரு லீற்றர் எதனோலில் உள்ள சக்தி, பெற்றோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. வெல்லவாயாவில் சரிசெய்த காபுரேற்றர் வண்டி அப்புத்தளைக்கு ஏறும்போது, காற்று அடர்த்தி குறைவதால் கலவை செறிந்துவிடும். மதுசாரமோ கலவையை மெலியச் செய்வது. ஆகவே சிறிதளவு மதுசாரம் கலந்த பெற்றோல், உயரத்தின் குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆனால் மார்கழிக் குளிரில் விடியற்காலை வண்டியைக் கிளப்புவது வேறு கதை. எதனோல் ஆவியாக மிகுந்த வெப்பத்தை உறிஞ்சும். குளிரில் தீப்பற்ற மறுக்கும். பிரேசிலில் இதற்காகவே மதுசார வண்டிகளில் ஒரு சிறு பெற்றோல் தாங்கியைத் தனியே வைத்தனர்.

பிரேசிலின் வரலாறு நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. 1973 இல் எண்ணெய் விலை ஏறியதும், 1975 இல் அந்நாடு கரும்பு மதுசாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979 இல் மதுசாரத்தில் மாத்திரம் ஓடும் ஃபியற் 147 வெளிவந்தது. மக்கள் நம்பி வாங்கினர். 1980களின் இறுதியில் கரும்பு மதுசாரத்தினின்று சீனிப் பக்கம் திரும்பவே எதனோல் தட்டுப்பாடு உண்டாயிற்று. வண்டிக்காரர் வரிசையில் நின்றனர். ஒரே எரிபொருளை நம்பியதன் விளைவு அது. அந்தக் கசப்பிலிருந்தே இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் வண்டிக்கு வரவேற்புப் பிறந்தது. 2003 இல் வந்த ஃபோக்ஸ்வாகன் 'கோல்' வண்டியில், புகையில் எஞ்சும் ஒட்சிசனை ஓர் உணரி அளக்க, கணினி எரிபொருளின் அளவையும் தீப்பொறியையும் தானே திருத்திற்று. ஃபோர்டின் ஓட்டுநர் கையால் செய்த வேலையே அது.

இந்தியாவில் பெற்றோலில் மதுசாரம் கலப்பதற்கென 1948 இலேயே சட்டம் பிறந்தது. எனினும் நூற்றுக்கு 20 பங்கு என்ற கலப்பை நாடு எட்டியது 2025 இல்தான்.

நம் நாட்டில் 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை, அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி எரிபொருள் வழங்கப்படவில்லை. அந்நாட்களில் மலைப்பாதையில் நோயாளியை ஏற்றிச்செல்ல ஒரு முச்சக்கர வண்டி கிடைப்பதும் அரிதாயிற்று. ஊவாவின் கரும்பு அவ்வேளை உதவியிருக்குமா என்று கேட்பது இயல்பே. கணக்குப் பார்ப்போம். ஒரு தொன் கரும்பின் கழிவுப்பாகிலிருந்து ஏறத்தாழ 10 லீற்றர் மதுசாரமே பெறலாம். சாறு முழுவதையும் வடித்தால் 70 லீற்றருக்கு மேல் வரும், ஆனால் சீனி கிடையாது. இலங்கையோ தனக்கு வேண்டிய சீனியில் பத்தில் ஒரு பங்களவே உற்பத்தி செய்கிறது. மேலும் தோட்டத்துக் கொழுந்து லொறியும் பயணிகள் பஸ்ஸும் டீசலில் ஓடுபவை. இவ்வகைத் திருத்தத்தால் அவற்றுக்குப் பயனில்லை. பயன்பெறக்கூடியவை முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் பெற்றோல் காருமே. அவற்றிலும் பழைய றப்பர்க் குழாய்களை மாற்றுதல் வேண்டும். தாங்கியில் நீர் புகாமல் காத்தலும் வேண்டும். நீர் சேர்ந்தால், கலந்திருந்த மதுசாரம் பெற்றோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். மழையும் மூடுபனியும் ஓயாத கொஸ்லந்தை மலையில் இந்தக் கடைசிக் காரியமே கடினமானது.