வேதக்கோயிலும் ஊர்ப் பொதுவும்

கொங்குநாட்டுக் கிராம மக்கள் கிறிஸ்தவ ஆலயத்தை 'வேதக்கோயில்' என்று வழங்குவார்கள். கத்தோலிக்கருடையதாயின் 'மாதா கோயில்' என்பார்கள். எப்படிச் சொன்னாலும் 'கோயில்' என்ற சொல் அதில் நிற்கிறது. இதை வெறும் பெயர் வழக்கம் என்று நான் கருதவில்லை. கோயில் என்றால் வழிபாட்டுக்குரிய இடம் மட்டுமன்று. ஊருக்குப் பயன்படும் இடமுமாகும் என்பது தமிழ் மக்களின் பழைய எண்ணம். கடல் கடந்து வந்த ஒரு சமயத்தின் ஆலயத்தினிடத்தும் நம் மக்கள் அதனையே எதிர்பார்த்தார்கள்.

அந்த எண்ணம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சான்று போதும். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடந்ததையும், அதில் வைத்தியர், அறுவை செய்வோர், பணிப்பெண்கள் ஆகியோர் இருந்ததையும், அவர்களுக்கு அளக்கப்பட்ட நெல்லையும் அக்கல்வெட்டு கூறுகிறது. வேதமும் இலக்கணமும் பயிலும் மாணவர்க்கு உணவும் அங்கேயே வழங்கப்பட்டது. பள்ளியும் மருத்துவமும் தெய்வத்தின் மதிலுக்குள் இருப்பது நமக்குப் புதிதன்று.

இனிக் கொங்குநாட்டுக்கு வருவோம். காங்கேயம் என்றவுடன் நேயர்களுக்குக் காளைகளும் சிவன்மலையும் நினைவுக்கு வரும். அரிசி ஆலைகளும் தேங்காய்ப் பருப்பு உலர்த்தும் களங்களும் நினைவுக்கு வருதல் கூடும். 2009-ஆம் ஆண்டு முதல் இவ்வூர் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இந்நாட்டின் பெரும்பகுதி 1799-இல் திப்பு சுல்தான் வீழும் வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. ஆதலால் இங்குள்ள பழைய கத்தோலிக்கச் சபைகளும் மைசூர்ப் பகுதிப் பாதிரிமார்களின் கண்காணிப்பில் வளர்ந்தவையே. கோவையிலிருந்து அவிநாசிக்குப் போகும் வழியில் உள்ள கருமத்தம்பட்டி அவற்றுள் தலையாயது. பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்குச் சபை இருந்தது.

மைசூர்ப் பகுதியில் அக்காலத்தில் பணியாற்றியவர்களுள் அபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர். இந்துக்களின் பழக்க வழக்கங்களைக் குறித்து அவர் எழுதிய நூல் 1816-இல் ஆங்கிலத்தில் அச்சேறியது. அந்நூலில் நம்மவரைப் பற்றி அவர் கூறும் பலவற்றோடு நான் உடன்படுவதில்லை. ஆனால் அவர் செய்த வேறொரு பணி உண்டு. அதைப் பலர் அறியார். ஜென்னர் 1798-இல் வெளியிட்ட அம்மைப்பால் குத்தும் முறை 1802-இல் பம்பாய் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே துபுவா மைசூர்ச் சீமையில் அதைப் பரப்பத் தொடங்கினார். 1803-04 காலத்தில் இருபத்தையாயிரம் பேருக்கு மேல் அம்மை குத்தப்பட்டதாக அவருடைய கணக்குச் சொல்லுகிறது.

அக்காலத்து அம்மை குத்தலின் முறையை நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும். மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காக்கும் வசதி அன்று இல்லை. ஒரு குழந்தையின் கையில் குத்தி, அது கொப்புளமாகப் பழுத்தபின், ஏறக்குறைய எட்டாம் நாளில், அதிலிருந்து பால் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்த வேண்டும். குத்திக்கொண்டவர் மீண்டும் வராவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். அந்நிய மருந்துக்கு அஞ்சிய மக்களை இரண்டாம் முறையும் வரவழைப்பது எளிய காரியமா? ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடிப் பழகிய ஒரு கூட்டம் இருந்தால் அது கைகூடும். வழிபாட்டுக்குக் கூடும் வழக்கம் உடல்நலத்துக்கும் உதவியாக அமைந்தது என்பது என் துணிபு.

கருமத்தம்பட்டிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கோவைப் பகுதியின் முதல் ஆயரான மரியோன் பிரெசிலாக் 1846-இல் அவ்வூரிலேயே திருநிலைப்படுத்தப்பட்டார். இந்நாட்டவரையே குருமார்களாகப் பயிற்ற வேண்டும் என்பது அவருடைய உறுதி. சாதி வழக்கங்களைச் சபைக்குள் எம்மட்டும் விடலாம் என்ற வழக்காட்டில் மனம் நொந்து அவர் பதவியைத் துறந்தார். 1856-இல் பிரான்சில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மஞ்சள் காய்ச்சலால் மாண்டார். அவர் மனத்தை வருத்திய வினாவிற்குப் பின்னர் வருகிறேன்.

புராட்டஸ்டண்டு சபைகளைப் பொறுத்தவரை, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த அடிஸ் 1830-இல் கோவையில் பணி தொடங்கினார். நாளடைவில் ஈரோடு அச்சங்கத்தின் ஒரு நிலையமாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அங்கே நெடுங்காலம் உழைத்த பிரப் என்பாரின் பெயரால் இன்றும் ஓர் ஆலயம் நிற்கிறது. ஈரோட்டார் 'பிரப் ரோடு' என்று வழங்கும் சாலையும் அவர் பெயரையே தாங்கியது. ஆனால் நகரத்து ஆலயங்களைக் காட்டிலும் கிராமத்துக் கீற்றுக் கொட்டகைகளே என் கருத்தைக் கவர்கின்றன. ஆசிரியத் தொழில் பார்த்தவனுக்கு அது இயல்புதானே!

அக்கொட்டகை பகலில் பள்ளிக்கூடம். மாலையில் செபக்கூடம். இரவில் வழக்குத் தீர்க்கும் இடம். கடிதம் எழுத வேண்டுவோரும் பத்திரம் படித்துக் காட்ட வேண்டுவோரும் வந்து உட்காரும் இடமும் அதுவே. உபதேசியாரே பெரும்பாலும் ஆசிரியர்; ஒரே மனிதர், ஒரே அறை, ஐந்து வகுப்புகள். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் எழுத்துக் காட்டும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளுக்கு உரியது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இவ்வழக்கத்தைக் கண்டு, அதையே 'சென்னை முறை' என்று 1797-இல் இங்கிலாந்தில் எழுதி வெளியிட்டார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அதை மேல்நாட்டார் கண்ட முறை போல எங்களுக்குக் கற்பித்தார்கள். நம் வீட்டுத் திண்ணையிலிருந்து போனது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

ஈரோட்டுப் பணியாளருள் ஹெர்பர்ட் போப்லியை மறத்தலாகாது. 1921-இல் 'இந்திய இசை' பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். திருக்குறளின் ஒரு பகுதியை 1931-இல் மொழிபெயர்த்தவர். கிராமத்தார்க்கு ஆங்கிலப் பிரசங்கத்தின் சாயல் ஏறாது என்பதை உணர்ந்து, கதையும் பாட்டும் கலந்த காலட்சேபத்தைக் கையாண்டார். எல். ஐ. ஸ்டீபன் என்பாருடன் சேர்ந்து அம்முறைக்கு ஒரு கைந்நூலும் 1914-இல் எழுதினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நூறாண்டுக்கு முன்னரே கிறிஸ்தவக் காலட்சேபம் செய்து காட்டியிருந்தார். காலட்சேபத்தின் சிறப்பு யாதெனில், அதைக் கேட்கச் சபையைச் சேர்ந்தவனாயிருக்க வேண்டியதில்லை. வேலி ஓரத்தில் நின்றும் கேட்கலாம்.

ஆனால் அந்த வேலி ஓரம் என்பதில்தான் வினா இருக்கிறது. யார் உள்ளே உட்கார்ந்தார், யார் வெளியே நின்றார்? உள்ளே உட்கார்ந்தவர்களும் ஒரே பாயிலா உட்கார்ந்தார்கள்? கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமையை உடனே முற்றும் ஒழிக்க வேண்டும் என்று 1833-இல் ஆணையிட்டார். தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நான் மேலே புகழ்ந்த சாஸ்திரியாரே எதிர்த்தவர்களுள் ஒருவர்! நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயம் 1872-இல் இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியார் ஒரு கிளையிலும் மற்றவர் மறு கிளையிலும் நிற்பர். பீடம் மட்டும் இருவர்க்கும் பொது. 1910-ஐ ஒட்டி அங்கிருந்த பிரிவுச் சுவரைப் பாதிரியார் இடித்தார். அதன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு வெற்றி பெறவில்லை. இதில் ஒரு சமயத்தாரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வாயில் எல்லார்க்கும் திறந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள்தான்.

கொங்குநாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபையில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்தவர்கள். ஆதலால் இங்கே வினா தலைகீழாக எழுந்தது. கொட்டகைக்குள் அவர்களுக்கு இடம் இருந்தது. அந்தக் கொட்டகைக்குள் மற்றவர்கள் காலெடுத்து வைப்பார்களா என்பதே ஐயமாயிருந்தது.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். நாடு முழுதும் ஒரே நாளில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் திட்டம் 1995 டிசம்பரில் தொடங்கியது. ஆசிரியர்களாகிய எங்களுக்கும் அப்பணியில் பங்கு இருந்தது. காங்கேயத்துக்கு அருகே ஒரு தெருவில் மருந்து கொடுக்க ஏற்ற கூரையுள்ள இடம் வேதக்கோயில் ஒன்றே. அங்கே ஒரு பெஞ்சியைப் போட்டு உட்கார்ந்தேன். தெருக்காரர் பிள்ளைகளோடு வந்தார்கள். பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்களும் வந்தார்கள். பத்து மணியளவில் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு மூதாட்டி, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, படிக்கு வெளியே வெயிலில் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"உள்ள வரலாமுங்களா வாத்தியாரே?" என்றார். நான் விடை சொல்வதற்குமுன் உபதேசியார் எழுந்துபோய், "வாங்காத்தா, நிழலுக்கு வாங்க, பையனுக்கு வெயிலாகாதுங்க" என்றார்.

அந்த அம்மாள் சற்றே தயங்கிச் சுற்றிலும் பார்த்தார். பிறகு செருப்பைப் படியோரம் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பேரன் வாயைத் திறக்க மறுத்தான். உபதேசியார் அவனுக்குக் கூரையில் இருந்த குருவிக்கூட்டைக் காட்டினார். அவன் அண்ணாந்து பார்த்த கணத்தில் இரண்டு சொட்டு விட்டோம். அவர் மருந்து கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. அந்தப் பாயிலேயே, தெருப் பெண்களோடு, வெயில் தாழும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.