ரெண்டு ஒயர், ஒரு பர்த்து

சின்னாளப்பட்டின்னு சொன்னாலே எல்லாரும் சுங்குடிச் சேலையைப் பத்திதான் கேப்பாங்க. இந்தப் பதிவுல சேலை இல்லீங்க, ஒயர். சர்வர் கிளஸ்டருக்கு நெட்வொர்க் கார்டு அமைக்கிற மேட்டர். ஆபீஸ் ஆணின்னு ஓடிடாதீங்க மக்களே, திண்டுக்கல் ஜங்ஷன் கவுண்டர்ல நீங்க வாங்குன டிக்கெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு :-)

இன்னிக்கு லினக்ஸ்ல கிளஸ்டர் போடுறவங்க நிறைய பேர் என்ன செய்றாங்க? ரெண்டு நெட்வொர்க் கார்டை பாண்டிங்ல சேர்த்து, ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கிற மாதிரி ரெண்டு வரி எழுதிட்டு, வேலை முடிஞ்சதுன்னு கிளம்பிடுறாங்க. அந்த ரெண்டு வரியோட பூர்வீகத்தைப் பாத்தா, வேலை பாதிதான் முடிஞ்சிருக்குன்னு தெரியும்.

1994ல நாசாவோட கோடார்ட் மையத்துல தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ரெண்டு பேரும் 16 சாதாரண 486 பொட்டிகளை இணைச்சு 'பியோவுல்ஃப்' கிளஸ்டரைக் கட்டினாங்க. அப்போ ஈதர்நெட் வேகம் 10 மெகாபிட்தான். பத்தலை. அதனால ரெண்டு ஈதர்நெட்டைச் சேர்த்து ஓட்டினாங்க. லினக்ஸ் பாண்டிங் டிரைவர் பெக்கரோட அந்த பியோவுல்ஃப் வேலையிலேர்ந்து வந்ததுதான். அதாவது, அது பொறந்தது வேகத்துக்காக!

அறுந்தாலும் நிக்கக்கூடாதுன்னு ரெண்டு ஒயர் போட்ட கதை அதுக்கும் முன்னாடியே இருக்கு. 1983ல டெக் நிறுவனம் வாக்ஸ் கிளஸ்டரை அறிவிச்சது. பொட்டிகளுக்கு நடுவுல 70 மெகாபிட் இணைப்பு, அதுக்கு ஏ, பி-ன்னு ரெண்டு பாதை. ஒண்ணு செத்தா மத்தது தாங்கும்.

ஆனா அவங்க அதோட நிக்கலை. ரெண்டு பாதையுமே போயிட்டா? ரெண்டு சர்வரும் உயிரோட இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் அடுத்தது செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கும். ரெண்டுமே பொறுப்பை எடுத்துக்கும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எஸ்5 பெட்டில 33ம் நம்பர் கீழ் பர்த்தை ஒரு சர்வர் உங்களுக்கு விக்கும், இன்னொண்ணு வேற ஒருத்தருக்கு விக்கும். ராத்திரி பெட்டில நடக்கிற பஞ்சாயத்தை யோசிச்சுப் பாருங்க!

இதுக்கு டெக் கண்ட வழி ஓட்டு. ரெண்டு சர்வருக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, பொதுவா இருக்கிற டிஸ்க்குக்கு ஒரு ஓட்டு, ஆக 3. ரெண்டு ஓட்டு கையில இருக்கிற பக்கம்தான் ஓடலாம். தனியா மாட்டிக்கிட்டது அப்படியே நின்னுடணும்.

நம்ம ரயில்வே முன்பதிவு இந்தக் குடும்பத்துல வந்ததுதான். கணினி முன்பதிவு 1985ல டெல்லில ஆரம்பிச்சது. 1994ல செகந்திராபாத்ல 'கான்சர்ட்' மென்பொருள் வந்தது. 1999 ஏப்ரல்ல டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் அஞ்சும் ஒண்ணா இணைஞ்சது. எந்த வண்டியோட கணக்கு எந்த மையத்துல இருக்கோ, கேள்வி அங்கதான் போகும். ஒரு பர்த்துக்கு ஒரே ஒரு கணக்குப்பிள்ளை. 2010ல வந்த அமைப்பும் இட்டானியம் சர்வர்ல, அதே டெக் வம்சத்து ஓப்பன்விஎம்எஸ்லதான் ஓடுச்சு. அதை புது தொழில்நுட்பத்துக்கு மாத்துற வேலை நடக்கிறதா 2025ல ரயில்வே அமைச்சகம் சொல்லுச்சு.

சரி, இதுலேர்ந்து நாம எடுத்துக்க வேண்டியது என்ன?

ஒண்ணு, ரெண்டு கார்டையும் ஒரே சுவிட்ச்ல சொருகாதீங்க. சுவிட்ச் போனா ரெண்டும் காலி.

ரெண்டு, பாண்டிங்ல 100 மில்லிசெகண்டுக்கு ஒருதடவை பாக்கச் சொல்றது பக்கத்து இணைப்பு உயிரோட இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். சுவிட்சுக்கு அந்தப் பக்கம் அறுந்தா அதுக்குத் தெரியாது. அதுக்கு தூரத்து முகவரி ஒண்ணை ஏஆர்பி மூலமா விசாரிக்கச் சொல்லணும்.

மூணு, இதயத்துடிப்புக்குத் தனிப் பாதை குடுங்க, மூணாவது ஓட்டு ஒண்ணையும் வைங்க. அது முடியலைன்னா, எதிர் சர்வரோட பவரையே புடுங்குற ஃபென்சிங் கண்டிப்பா வேணும்.

ரெண்டாவது ஒயர் சர்வரை ஓட வைக்கும். எப்போ நிக்கணும்னு சொல்லிக்குடுக்கிறது அந்த மூணாவது ஓட்டுதான். நிக்கத் தெரியாத கிளஸ்டரை நம்பி யாரு டிக்கெட் வாங்குறது?