ஞானப்பல் வலிக்குதா... எடுக்கணுமா, விட்டுடலாமா?

ராத்திரி வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்திருக்கும். பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பீர்கள். நடுராத்திரியில் கீழ்த்தாடையின் கடைசி மூலையில் 'விண்... விண்...' என்று ஒரு வலி ஆரம்பிக்கும். அங்கேயே நிற்காது. காதுக்கு ஏறும், தொண்டைக்கு இறங்கும், தலையில் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்கும். காலையில் எழுந்து கொட்டாவி விடப்போனால் வாய் பாதிக்கு மேல் திறக்காது. காதில்தான் ஏதோ பிரச்னை என்று இ.என்.டி டாக்டரிடம் போய், அங்கிருந்து பல் டாக்டரிடம் திருப்பி அனுப்பப்படுகிறவர்களும் உண்டு. உங்கள் வயது 17-லிருந்து 25-க்குள் என்றால், முதல் சந்தேகம் ஞானப்பல் மேல்தான் விழ வேண்டும்.

விஷயம் வெளியே தெரிந்ததும் அட்வைஸ் கொட்டும். "என் ரூம்மேட் நாலையும் எடுத்துட்டான், நீயும் எடுத்துடு" என்பார் ஒருவர். "பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும், பேசாம ஒரு மாத்திரையைப் போட்டுட்டுப் படு" என்பார் வீட்டுப் பெரியவர். இரண்டு பேருமே உங்கள் பல்லைப் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். ஞானப்பல் விஷயத்தில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. அந்தப் பல் எப்படி நிற்கிறது, பக்கத்துப் பல்லை என்ன செய்கிறது, பிரஷ் அங்கே எட்டுகிறதா... இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு.

கடைசி ஸ்டாப்பில் ஏறுகிற பல்

பொதுவாக 12, 13 வயதுக்குள் 28 நிரந்தரப் பற்கள் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடும். ஞானப்பற்கள் நான்கும் அதற்குச் சில வருடங்கள் கழித்து, தாடை வளர்ந்து முடிகிற நேரத்தில் வருகின்றன. கூட்டமான பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் ஏறுகிறவருக்கு சீட் கிடைப்பது எவ்வளவு கஷ்டமோ, அப்படித்தான். இடம் இருந்தால் நேராக முளைத்து, மற்ற பற்களைப் போலவே மென்றுகொண்டிருக்கும். இடம் இல்லையென்றால் சாய்ந்து முளைக்கும், பாதி வந்து நிற்கும், இல்லை எலும்புக்குள்ளேயே படுத்துக்கொள்ளும். இதைத்தான் பல் டாக்டர்கள் 'இம்பாக்டட்' என்கிறார்கள். முன்பக்கமாகச் சாய்ந்து, பக்கத்துக் கடைவாய்ப் பல்லை முட்டிக்கொண்டு நிற்பதுதான் அதிகம் பார்க்கப்படும் வகை.

சிலருக்கு இந்தத் தொல்லையே இல்லை. உலக அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதே கிடையாது. அதனால் ஞானம் ஒன்றும் குறைந்துவிடவில்லை!

வலிக்கிறது பல் இல்ல, ஈறு

முதல்முறை வரும் வலிக்குப் பெரும்பாலும் காரணம் பல் சொத்தை அல்ல. பாதி முளைத்த பல்லின் மேல், ஈறு ஒரு தொப்பி மாதிரி மூடிக்கொண்டு கிடக்கும். அந்தத் தொப்பிக்கு அடியில் சோறும் சிப்ஸும் போய் ஒளிந்துகொள்ளும். பிரஷ் அங்கே எட்டாது. கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஈறு வீங்கும், சீழ் கசியும், வாயில் ஒரு கெட்ட ருசி இருந்துகொண்டே இருக்கும். வீங்கிய ஈறு மேலே இருக்கும் பல்லில் கடிபட்டு இன்னும் வீங்கும். பெரிகரோனைட்டிஸ் என்று இதற்குப் பெயர்.

இந்த வலிக்கு ஒரு ஏமாற்று குணம் உண்டு. நாலைந்து நாளில் தானாகவே அடங்கிவிடும். 'சரியாப் போச்சு' என்று நீங்களும் மறந்துவிடுவீர்கள். ஆனால், அந்தத் தொப்பியும் அதன் அடியில் இருக்கும் பொந்தும் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டு மாதம் கழித்து, செமஸ்டர் எக்ஸாமுக்கு முந்தின நாளோ அக்கா கல்யாணத்தன்றோ திரும்ப வரும்.

வலி வந்த ராத்திரி என்ன செய்யலாம்? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, அந்தப் பக்கமே தங்குகிற மாதிரி வைத்துக் கொப்பளியுங்கள். சாப்பிட்ட பிறகெல்லாம் செய்யலாம். வலிக்குதே என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்காதீர்கள். சின்னத் தலை உள்ள மெத்தென்ற பிரஷ்ஷால் மெதுவாகச் சுத்தம் செய்தால்தான் வீக்கம் குறையும். பாராசிட்டமால் சரியான அளவில் போட்டுக்கொள்ளலாம். அதைவிட வீரியமான வலி மாத்திரைகள் அல்சர், கிட்னி பிரச்னை, ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாமல் போகலாம் என்பதால் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கிராம்பு சற்று மரத்துப்போகச் செய்யும், உண்மைதான். ஆனால், கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றினாலோ, மாத்திரையை நுணுக்கி ஈறில் வைத்து அழுத்தினாலோ அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். பல்வலியோடு புண்வலியும் சேர்ந்துகொள்ளும்.

மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் ஊரில் சகஜம். அதைச் செய்யாதீர்கள். தொற்று பரவியிருந்தால் மட்டும்தான் அது தேவை. அப்போதும் மாத்திரையால் தொப்பிக்கு அடியில் இருக்கும் குப்பையைச் சுத்தம் செய்ய முடியாது. டாக்டர் அந்த இடத்தைக் கழுவிவிட்டாலே பலருக்குப் பாதி வலி போய்விடும்.

இதெல்லாம் இருந்தால் காத்திருக்காதீங்க

எச்சிலை விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கல்லு மாதிரி வீக்கம், நாக்கை யாரோ மேலே தூக்குகிற மாதிரி இருக்கிறது, காய்ச்சலோடு வாய் திறக்கவே முடியவில்லை, மூச்சு விடச் சிரமம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது இனி வெறும் பல்வலி இல்லை. கீழ்த்தாடைப் பல்லிலிருந்து தொற்று கழுத்துப் பகுதிக்கு இறங்கினால் மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடும். பல் கிளினிக் திறக்கட்டும் என்று காலை வரை உட்கார்ந்திருக்காமல், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீக்கம் சின்னதாக இருந்தாலும் அசட்டையாக இருக்கக் கூடாது.

அப்போ, எடுக்கணுமா?

இங்கே டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு போக்கு உண்டு. ஞானப்பல் என்றாலே பின்னால் தொல்லைதான், இளம் வயதிலேயே எடுத்துவிடலாம் என்பது ஒன்று. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் அதிகம். நோய் இல்லாத பல்லை முன்ஜாக்கிரதைக்காக எடுக்க வேண்டாம் என்பது இன்னொன்று. பிரிட்டனில் அரசு மருத்துவ சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, 2000-ம் ஆண்டிலேயே இதை விதிமுறையாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே வேறொரு பிரச்னை பேசப்பட்டது. சாய்ந்த ஞானப்பல்லை அப்படியே விட்டவர்களில் சிலருக்கு, அதற்கு முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப் பல் சொத்தையாகிவிட்டது.

முடிவெடுக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் அதுதான். ஞானப்பல் போனால் பெரிய இழப்பு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் பல், வாழ்நாள் முழுக்க மெல்லுவதற்குத் தேவையான பல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் உணவு சிக்கி, சொத்தை சத்தமே இல்லாமல் வளரும். வலி வரும்போது ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் போயிருக்கலாம்.

ஈறு வீக்கம் திரும்பத் திரும்ப வருகிறது, ஞானப்பல்லிலோ பக்கத்துப் பல்லிலோ சொத்தை விழுந்திருக்கிறது, பக்கத்துப் பல்லைச் சுற்றி எலும்பு கரைகிறது, எக்ஸ்-ரேயில் நீர்க்கட்டி தெரிகிறது என்றால் எடுப்பதுதான் சரி. ஒரே ஒரு முறை லேசாக வீங்கி அடங்கியிருக்கிறது, பல்லும் நேராகத்தான் வந்துகொண்டிருக்கிறது என்றால் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். சிலருக்கு, கீழ் ஈறைக் கடித்துக்கொண்டிருக்கும் மேல் ஞானப்பல்லை மட்டும் எடுத்தாலே நிம்மதி கிடைத்துவிடும்; மேல் பல்லை எடுப்பது பொதுவாகச் சுலபம். நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு சேர்ந்து மெல்லுகிறது, பிரஷ்ஷும் எட்டுகிறது என்றால் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

வலியே இல்லை, ஆனால் பல் சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு நிற்கிறது. குழப்பம் இவர்களுக்குத்தான். விட்டுவைக்கலாம், ஆனால் மறந்துவிடக் கூடாது. டாக்டர் சொல்லும் இடைவெளியில் செக்கப்புக்குப் போய், தேவைப்படும்போது எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் போக மாட்டேன் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பல ஊர்களில் மாணவர் இன்ஷூரன்ஸில் பல் சிகிச்சை முழுசாக வராது. கர்ப்ப காலத்தில் ஈறு சுலபமாக வீங்கும். மாத்திரைகளிலும் கட்டுப்பாடு இருக்கும்.

எக்ஸ்-ரேயில் என்ன பார்க்கிறார்கள்?

முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரிகிற ஓ.பி.ஜி எக்ஸ்-ரேதான் முதல் படி. பல்லின் சாய்வு, வேரின் வடிவம் இரண்டோடு, கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் ஒரு நரம்பும் வேருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அதில் பார்ப்பார்கள். உங்கள் கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் உணர்ச்சி கொடுப்பது அந்த நரம்பு. வேர் அதை ஒட்டியிருந்தால் எடுக்கும்போது நசுங்கி, உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். வெகு சிலருக்குத்தான் நிலைத்துவிடும். நாக்குக்குப் போகும் நரம்புக்கும் இதே ஆபத்து உண்டு. சந்தேகம் இருந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். வேர் நரம்பை ரொம்பவே ஒட்டியிருந்தால், மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. "என் பல்லுக்கும் நரம்புக்கும் எவ்வளவு தூரம் டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

வயதும் ஒரு கணக்கு. 20-களின் தொடக்கத்தில் வேர் முழுசாக வளர்ந்திருக்காது, எலும்பும் அவ்வளவு கெட்டிப்பட்டிருக்காது. காயம் சீக்கிரம் ஆறும். 35-க்கு மேல் எடுக்கவே முடியாது என்பதில்லை. வேலை கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

கண் பார்வை விஷயத்துக்கு வருவோம். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கான நரம்பு வேறு. பல்லை எடுத்தால் பார்வை போகாது. பாட்டிக்குப் பல் எடுத்த வயதும் கண் புரை வந்த வயதும் ஒன்றாக இருந்திருக்கும். பழி பல் மேல் விழுந்துவிட்டது. அதேபோல, ஞானப்பல் தள்ளித்தான் முன்பற்கள் கோணலாகின்றன என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. அதை மட்டும் காரணமாகச் சொல்லி எடுக்கச் சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த பிறகு முதல் மூன்று நாள்

மரத்துப்போகிற ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். அழுத்தமும் சத்தமும் தெரியும், வலி தெரியாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், மருந்து அலர்ஜி உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

பஞ்சை டாக்டர் சொன்ன நேரம் வரைக்கும் கடித்துக்கொண்டிருங்கள். அன்று முழுக்கத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் காயத்தின் மூடி. உறிஞ்சினால் அது கழன்றுவிடும். கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். ஐஸ்க்ரீம் ஓகே, ஸ்பூனில் சாப்பிட்டால். ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி எல்லாம் போதும். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு மறுநாளிலிருந்துதான். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்று. வலி குறைந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் வாக்கில் திடீரென்று காது வரை பாயும் வலியாகத் திரும்பினால் அது 'டிரை சாக்கெட்' ஆக இருக்கலாம். ரத்தக்கட்டி கரைந்து, எலும்பு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் போனால் கழுவி மருந்து வைப்பார், சீக்கிரமே அடங்கும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். ஒரு தம்முக்காக ஒரு வாரத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

செலவு?

தனியார் கிளினிக்குகளில் பல்லின் நிலையைப் பொறுத்துத் தொகை மாறும். நேராக இருக்கும் மேல் பல்லுக்கும், எலும்புக்குள் படுத்திருக்கும் கீழ்ப்பல்லுக்கும் ஒரே கட்டணம் இருக்காது. எக்ஸ்-ரே, தையல் பிரிப்பது, மறுபடி காட்டுவது எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். சென்னை, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இந்தச் சிகிச்சை குறைந்த செலவிலேயே முடியும். தனியார் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் வெளி கிளினிக்கைவிடக் குறைவாகவே இருக்கும். காலையிலேயே போய் ஓ.பி சீட்டு வாங்கிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்-ரே இருந்தால் மறக்காமல் கையில் கொண்டுபோங்கள்.