அடைக்கலமும் அறிதலும்

படப்பையிலிருந்து கிழக்கே செல்லும் சாலை வண்டலூரைக் கடந்து கேளம்பாக்கத்தை அடைகிறது. 2012ஆம் ஆண்டு அரக்கானில் மூண்ட கலவரத்திற்குப் பின், அவ்வூர்ப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் ரோஹிங்கியா முஸ்லிம் குடும்பங்கள் சில தங்கவைக்கப்பட்டன. 1982ஆம் ஆண்டின் பர்மியக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களைச் சொந்த மண்ணிலேயே அந்நியராக்கியிருந்தது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆதலின் இத்தகையோருக்கு அக்கம்பக்கத்தாரின் பரிவே பெருந்துணையாகிறது.

பர்மா நமக்குப் புதிய நாடன்று. 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்கு அஞ்சிக் காடும் மலையும் கடந்து நடந்தோரிலும், 1964இல் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது வெறுங்கையோடு கப்பலேறியோரிலும் தமிழ் முஸ்லிம்கள் இருந்தனர். சென்னைத் துறைமுகத்தருகே எழுந்த பர்மா பஜார் அப்பெயர்ச்சியின் நினைவுச் சின்னம் எனலாம்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. நம்மவர் திரும்பியது தாய்மொழி வழங்கும் மண்ணுக்கு. ரோஹிங்கியருக்கோ தமிழ் அயல்மொழி. அவர்தம் பேச்சு சிட்டகாங் வட்டார மொழியை ஒட்டியது. நம் கடலோர முஸ்லிம்கள் ஷாஃபிஈ மத்ஹபினர், அவர்களோ ஹனஃபிகள். கலிமா ஒன்றாயினும் உணவும் உடையும் வழக்கமும் ஒன்றல்ல. ‘இவர்களும் முஸ்லிம்கள்தாமே’ என்ற எண்ணத்தோடு நம் வழக்கத்தையே அவர்கள்மீது சுமத்துவது தொண்டாகாது.

பள்ளியில் தமிழ் கற்ற சிறுவனே மருத்துவமனையில் தாய்க்கு மொழிபெயர்ப்பாளன் ஆகிறான் என வைத்துக்கொள்வோம். தன் உடல்நோயை அத்தாய் மகன்முன் எவ்வாறு உரைப்பாள்? நோய் மறைக்கப்படும், மருந்து பயனற்றுப் போகும். மொழியறிந்த ஒரு பெண்மணி உடனிருந்தால் அத்துன்பம் நீங்கும். நோன்பு மாதத்தில் உணவு வழங்கும் நேரத்தை மாற்றுவதும், பெண்களிடம் பெண்களையே அனுப்பி நலம் உசாவுவதும் பெருஞ்செலவில் முடியும் காரியங்கள் அல்ல.

ஹிஜ்ரத்தின் வரலாறு இதனை அன்றே உணர்த்திற்று. கி.பி. 622இல் மதீனா வந்த முஹாஜிர்களோடு அன்சாரிகள் சகோதரராகப் பிணைக்கப்பட்டனர். ஸஅது இப்னு ரபீஉ தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அவரை வாழ்த்திவிட்டு, சந்தைக்கு வழி மட்டுமே கேட்டார். ஸஅது தர விரும்பியது ஒன்று. வந்தவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று. கேட்ட வழியைக் காட்டியதும் விருந்தோம்பலே அன்றோ? கொடுக்குமுன் கேட்டறியும் அப்பண்பே இன்று நம் தொண்டர்க்கும் இன்றியமையாதது.