மத்திகிரியின் இலாயமும் மீரட் கோப்பையும்

ஓசூர் என்றதும் நம் மனக்கண்முன் விரிவன ஆலைகளும், சரக்குந்துகளின் நீண்ட வரிசையும், எல்லைச் சோதனைச் சாவடியுமே. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே காலூன்றியது; 1980இல் டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் சாலைக்கு வந்தது. ஆனால் இந்த எஞ்சின் ஓசைக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னதாகவே இம்மண்ணில் வேறோர் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அது குளம்போசை!

திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல் ஓசூர்ப் பகுதி கும்பினியார் வசமானது. 1824இல் ஊரையடுத்த மத்திகிரியில் படைக்குரிய குதிரைப் பண்ணை ஒன்றை அவர்கள் நிறுவினர். பின்னாளில் அது 'ரிமவுண்ட் டிப்போ' என்று வழங்கப்பட்டது. போரிலும் நோயிலும் இறந்த குதிரைகளுக்கு ஈடாகப் புதுக் குதிரைகளைப் பழக்கித் தரும் நிலையம் என்பது அதன் பொருள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரம், இதமான குளிர், பரந்த புல்வெளி, நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர்ப் படைவீடு. குதிரைக்கு இதைவிடத் தக்க இடம் தெற்கே வேறெங்கு வாய்க்கும்? ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' இனக் குதிரைகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. பழக்கப்படாத குதிரைகளைச் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் பணியவைப்பதே இத்தகைய நிலையங்களின் அன்றாட வேலை. குதிரை பழக்கும் திடலைச் 'செண்டுவெளி' என்றனர் நம் முன்னோர். அச்சொல்லுக்கு அந்நாளைய மத்திகிரி முற்றும் பொருந்தும்.

இனி, பெங்களூருக்குச் செல்வோம். மணிப்பூரிகளின் பழைய ஆட்டமொன்றைக் கண்டு மயங்கிய ஆங்கிலேயர், 1859இல் சில்சாரிலும் 1862இல் கல்கத்தாவிலும் போலோ கழகங்களை அமைத்தனர். நூற்றாண்டு முடிவதற்குள் அது பரிப்படை அதிகாரிகளின் உயிர்மூச்சாகிவிட்டது. 1896 அக்டோபரில் நான்காம் ஹுஸ்ஸார் படை பெங்களூருக்கு வந்தது. அதில் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் வின்ஸ்டன் சர்ச்சில். பம்பாயில் கரையிறங்கும்போதே படகுத்துறையில் அவருடைய தோள்மூட்டு நழுவியது. வாழ்நாளெல்லாம் தொடர்ந்த அக்குறையோடுதான் அவர் ஆடினார்.

புதிதாக வந்த படை பயிற்சிபெற்ற குதிரைகளைச் சேர்க்கவே நெடுங்காலம் ஆகும் என்பது அன்றைய நிலை. இவர்களோ பூனா லைட் ஹார்ஸ் படையினரின் குதிரைகளை மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டனர். வந்திறங்கிய ஐம்பது நாள்களுக்குள் ஐதராபாத்தில் கோல்கொண்டா கோப்பையையும் வென்றனர். எனினும் கண் முழுவதும் ஒன்றின்மீதே இருந்தது. ஆண்டுதோறும் மீரட்டில் நடைபெற்ற படைகளுக்கிடையிலான போட்டி அது. தென்னிந்தியாவில் நிலைகொண்ட பரிப்படை எதுவும் அதுவரை அக்கோப்பையைத் தொட்டதில்லை.

1899இல் அந்தப் பயணம் தொடங்கியது. முப்பது குதிரைகள், தனி ரயில், ஏறத்தாழ 1,400 மைல் தொலைவு. ஒவ்வொரு நாள் மாலையும் குதிரைகளை வண்டியிலிருந்து இறக்கி, நடக்கவைத்து, தீனியிட்டு, இளைப்பாற்றி மீண்டும் ஏற்றினர். வழியில் ஜோத்பூரில் சர் பிரதாப் சிங்கின் விருந்தினராகத் தங்கிப் பயிற்சி செய்தபோது, சர்ச்சிலின் தோள் மறுபடியும் நழுவியது. முழங்கையை விலாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே அவர் களமிறங்கினார். பிப்ரவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில், நான்காம் டிரகூன் கார்ட்ஸ் படையை 4க்கு 3 என்ற கணக்கில் வென்று, கோப்பை முதன்முறையாகத் தெற்கே வந்தது.

ஆடிய நால்வர் சேவரி, ஹோர், பார்ன்ஸ், சர்ச்சில். அந்நால்வரும் மீண்டும் சேர்ந்து ஆடவேயில்லை. தென்னாப்பிரிக்கப் போரில் சேவரி மாண்டார்; பார்ன்ஸ் கடுங்காயமுற்றார்; சர்ச்சில் அரசியலுக்குப் போனார்.

இத்தனையும் நமக்குத் தெரிவது எப்படி? சர்ச்சில் தம் இளமை வரலாற்றை நூலாக எழுதிவைத்தார், அதனால் தெரிகிறது. ஆனால் அந்த ரயிலில் குதிரைகளோடு குதிரைகளாகப் பயணம் செய்தவர்களை நினைத்துப் பார்ப்போம். நள்ளிரவில் எழுந்து கொள்ளு வைத்தவர், குளம்பில் தைத்த கல்லை அகற்றியவர், வியர்வையைத் துடைத்துப் போர்வை போர்த்தியவர் ஆகிய குதிரைக்காரர்களின் பெயர்களைக் கோப்பையில் யாரும் பொறிக்கவில்லை. போலோ குதிரை பம்பாய்ச் சந்தையில் வாங்கப்பட்டதாகவும், படைக்குதிரை ஓசூர் போன்ற நிலையங்களில் பழகியதாகவும் இருக்கலாம். இரண்டையும் தாங்கிய கைகள் ஒரே வகையானவை. பரிப்படை இல்லையேல் படைகளுக்கிடையில் போட்டி ஏது? குதிரை பேணுவோர் இல்லையேல் பரிப்படைதான் ஏது?

பிறகு காலம் மாறிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மத்திகிரிப் பண்ணை படையிடமிருந்து குடிமை நிர்வாகத்துக்குக் கைமாறியது. இயந்திர ஊர்திகள் பெருகப் பெருகப் பரிப்படைகளும் குதிரையைக் கைவிட்டன. 1918இல் ஹைஃபாவில் ஜோத்பூர் வீரர்களோடு புகழ்பெற்ற மைசூர் லான்சர்ஸ், 1953இல் பிற சமஸ்தானப் படைகளோடு இணைந்து 61ஆம் பரிப்படையாயிற்று. இந்தியப் போலோ ஆட்டக்காரர் பலர் அப்படையிலிருந்தே வந்தனர். ஆக, நம் எல்லைக்கு அப்பாலிருந்த ஓர் இலாயத்தின் மரபு வடக்கே தொடர்ந்தது. எல்லைக்கு இப்பாலோ, ஏறத்தாழ 1,640 ஏக்கர் பரப்புள்ள கால்நடைப் பண்ணையாக அந்நிலம் எஞ்சி நிற்கிறது.

தொழிற்பேட்டைகளுக்கு நடுவே அத்தனை பெரிய பசும்பரப்பு தப்பியிருப்பது தற்செயலன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் குதிரைக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. அங்கே உழைத்த மக்களின் நினைவுகளோ நிலத்தைப் போல எளிதில் எஞ்சுவன அல்ல. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் வீட்டு முதியவர் எவரேனும் தம் பாட்டனார் இலாயத்தில் வேலை செய்த கதையைச் சொன்னால், அதைக் குறித்து வையுங்கள். வென்றவர்களின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. தீனியிட்டவர்களின் வரலாறு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.