ஒஸிரிஸின் வயலில் யார் உழுவது?

ஒஸிரிஸின் கதையை நமக்கு முழுசாகச் சொன்னவர் எகிப்தியர் அல்ல. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் வாழ்ந்த கிரேக்கரான புளூட்டார்க். தம்பி சேத் அண்ணனைக் கொன்று உடலைத் துண்டு துண்டாக்கி எறிகிறான். மனைவி ஐசிஸ் பொறுக்கிச் சேர்க்கிறாள். செத்தவன் செத்தவர்களுக்கே அரசனாகிறான். எகிப்தியப் பிரதிகளில் இந்தக் கொலை ஜாடைமாடையாகத்தான் வரும்.

1890இல் ஃப்ரேசர் தன் 'பொற்கிளை'யில் இவரைத் தானியக் கடவுளாக வாசித்தார். புதைவது விதை, எழுவது பயிர். வாசிப்பு தப்பில்லை. எகிப்திய அறுவடைக்காரர்கள் முதல் கதிரை அறுத்ததும் மார்பிலடித்து ஐசிஸை அழைத்தார்கள் என்ற பழைய குறிப்பையும் அவர் எடுத்தாளுகிறார். ஆனால் அந்த அழுகை அவருக்குச் சடங்காகத்தான் தெரிந்தது. அறுத்தவர்கள் யாருடைய நிலத்தில் அறுத்தார்கள், களத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அங்கே கேள்வியே ஆகவில்லை. விதைக்கும் கதிருக்கும் நடுவில் உழைப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை 'இயற்கை' என்ற சொல் விழுங்கிவிட்டது.

1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தங்காமுன் கல்லறையில் இந்த இரண்டுமே அகப்பட்டன. ஒன்று, ஒஸிரிஸ் உருவில் செய்த மரச்சட்டம். அதில் நைல் வண்டலை நிரப்பி விதை தூவியிருந்தார்கள். விதை முளைத்தும் இருந்தது. இன்னொன்று, 'ஷப்தி' எனப்படும் 413 பொம்மைகள். நாளைக்கு ஒன்றாக 365 வேலையாட்கள், பத்துப் பேருக்கு ஒருவராக 36 கங்காணிகள், மாதத்துக்கு ஒருவராக 12 மேல்கங்காணிகள். மறுமையில் வயலைப் பண்படுத்த, நீர் பாய்ச்ச, மணல் சுமக்க ஆள் கூப்பிட்டால், எஜமானுக்குப் பதிலாகப் பொம்மை எழுந்து நான் இருக்கிறேன் என்று சொல்லவேண்டும். ஷப்தி மந்திரத்தின் சாரம் இதுதான். அப்படீன்னா, ஒஸிரிஸின் ராஜ்ஜியத்திலும் கட்டாய ஊழியம் உண்டு. அதிலிருந்து தப்பிக்க வசதியுள்ளவனுக்கு வழியும் உண்டு.

கி.மு. 2350ஐ ஒட்டி, சக்காராவில் உனாஸின் பிரமிடுக்குள் பொறித்த மந்திரங்கள் அரசனை 'ஒஸிரிஸ் உனாஸ்' என்று அழைத்தன. பிறகு சவப்பெட்டிகளிலும் பாப்பிரஸ் சுருள்களிலும் அதிகாரிகள், எழுத்தர்கள், அவர்கள் மனைவியர் எனப் பலரும் ஒஸிரிஸ் ஆனார்கள். இதை மறுமையின் ஜனநாயகமயமாதல் என்றார்கள். பிரமிடுக் காலத்திலேயே அரசரல்லாதவருக்கும் இத்தகைய சடங்குகள் உண்டு என்று இன்று பலர் இதை மறுக்கிறார்கள். இரண்டு தரப்பில் எதை ஏற்றாலும் பாப்பிரஸும் சவப்பெட்டியும் சும்மா கிடைத்துவிடவில்லை. பெயருக்கு இடம் விட்டு முன்கூட்டியே எழுதிவைத்த சுருள்களும் இருந்தன. வாங்கியவனின் பெயர் அந்த இடத்தில் ஏறியது.

அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்களின் ஊர் தெய்ர் எல்-மதீனா. அங்கே சென்னெட்ஜெம் என்ற கைவினைஞரின் கல்லறைச் சுவரில் அவரும் மனைவியும் வெள்ளை உடையில் உழுது அறுக்கிறார்கள். உழுகிறவன் உடுத்துகிற துணி அல்ல அது. பயிர் செழித்து நிற்கிறது. இதை ஆளும் வர்க்கத்தின் ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. தட்டாமல் விளையும் வயல் வேண்டும் என்ற ஆசை வரைந்தவனுடையதும்தான்.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157இல், அதே ஊர்க்காரர்களுக்குக் கூலித் தானியம் வந்து சேரவில்லை. வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும்தான் இங்கே கொண்டுவந்தது என்றார்கள். எழுத்தர் அதைப் பதிவுசெய்தார். அந்தப் பாப்பிரஸ் இன்று தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தானியமே கடவுளின் உடல் என்று நம்பிய ஊர் அது. அந்தத் தானியத்தை அவர்கள் கேட்டது ஒஸிரிஸிடம் அல்ல, பார்வோனின் அதிகாரிகளிடம். செத்த பிறகு கிடைக்கும் வயலைச் சுவரில் வரைந்தவர்களுக்கு உயிரோடு இருக்கும்போது கூலி யார் தரவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.